மூல எண்ணிக்கையையும் காக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விண்கலம் ஏவப்படும் நாளில் நாளிதழ்கள் முதல் பக்கத்தையே ஒதுக்குகின்றன. ஆனால் விண்வெளியில் பாயும் மின்னூட்டத் துகள்களை எண்ணி அது அனுப்பும் தரவுகள் எவ்வாறு சீர்செய்யப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன என்பது பற்றி ஒரு வரியும் வருவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை.

1958-இல் அமெரிக்காவின் எக்ஸ்புளோரர்-1 செயற்கைக்கோள் சுமந்து சென்ற, கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கருவியான கைகர் எண்ணி, மிக உயரமான பகுதிகளில் சுழியம் காட்டியது. அங்கே துகள்கள் இல்லை என்பதல்ல அதன் பொருள். அவை அளவுக்கு மீறி வந்து மோதியதால் கருவி எண்ண இயலாமல் திணறியிருந்தது. கருவியின் இந்த இயல்பை அறிந்திருந்ததாலும், எக்ஸ்புளோரர்-3 அனுப்பிய பதிவுகளை ஒப்பிட முடிந்ததாலும்தான் இயற்பியலாளர் வான் ஆலனின் குழுவினர் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டறிந்தனர். அந்தச் சுழியத்தைப் பழுது என்று யாரேனும் அழித்திருந்தால் என்னவாகியிருக்கும்!

ஆகவே, துகள்களைப் பதியும் உணரியின் பரப்பு, அது பார்க்கும் கோணம், ஆற்றல் வரம்பு, ஒரு துகளைப் பதிந்தபின் அடுத்ததை ஏற்க இயலாத நுண்ணிய இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு திருத்திய அளவுகளை மட்டும் ஆவணப்படுத்துவது போதாது. கருவி நேரடியாகப் பதிந்த மூல எண்ணிக்கை, திருத்தத்துக்குப் பயன்பட்ட கணினி நிரல், அளவுத்திருத்தக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் சேர்த்தே காக்க வேண்டும். உணரிகள் ஆண்டுக்கணக்கில் திறன் குறைவதால், பிற்காலத்தில் எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே மீண்டும் கணக்கிட நேரும்.

1977-இல் புறப்பட்ட வாயேஜர்-1 விண்கலம், சூரியக் காற்றின் எல்லையை 2012 ஆகஸ்டில் கடந்ததை முதலில் உணர்த்தியவையும் துகள் எண்ணிக்கைகளே. முந்தைய ஆண்டுகளின் தரவு காக்கப்பட்டிருந்தது அந்த மாற்றத்தை ஒப்பிட்டு அறிய உதவியது. எனவே ஒவ்வொரு திட்டத்தின் செலவிலும் ஆவணக் காப்புக்கான தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் வாசகர் ஒருவர்