கழிவுநீர் மறுபயன்பாட்டில் உப்புக் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் பயன்படுத்தும் பேச்சு ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலும் இப்போது அடிபடுகிறது. வரவேற்க வேண்டிய பேச்சுதான். ஆனால் நாளொன்றுக்கு எத்தனை லட்சம் லிட்டர் என்ற கணக்கோடு அது முடிந்துவிடுகிறது. அந்த நீரில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று எவரும் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவனாகவும் மண்டபம் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவனாகவும் அதைக் கேட்க விரும்புகிறேன்.

சமையலுக்கு ஊருணித் தண்ணீர், பாத்திரம் துலக்க உப்புத் தண்ணீர் என்று பிரித்துப் புழங்கியே வளர்ந்தவர்கள் நாங்கள். 616 கோடி ரூபாயில் நிறைவேறிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால், பதினைந்து ஆண்டுகளாகத் திருச்சிப் பக்கத்துக் காவிரி நீர் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் கொடுத்தபடி எங்கள் கடைக்கோடி வரை வருகிறது. மின்சாரம் செலவழித்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கொண்டுவரும் அந்த நல்ல தண்ணீரை, ஒரே ஒரு முறை புழங்கிய கையோடு நாமே உப்பாக்கிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவை நுண்ணுயிர்கள். அவை அழுக்கைத் தின்னும். கரைந்த உப்பைத் தொடாது. உள்ளே போகும் உப்பு அப்படியே வெளியே வரும். வீட்டுப் புழக்கம் மட்டுமே லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை உப்பைக் கூட்டிவிடும் என்பது பொதுவான மதிப்பீடு. சோப்பும் சிறுநீரும் சமையலும் சேர்ந்த அந்தக் கூடுதலை யாராலும் தடுக்க முடியாது. தடுக்கக்கூடிய உப்பு வேறு வழிகளில் வருகிறது.

யாத்திரிகர்கள் வந்து தங்கும் விடுதிகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி இருக்கிறது. கடினத்தன்மையை ஈர்த்துக்கொள்ளும் அதன் பிசின் மணிகளைப் புதுப்பிக்க உப்பு மூட்டையைக் கரைத்து ஊற்றி, அந்தக் கரைசலைச் சாக்கடையில் விடுவதே வழக்கம். ஐம்பது கிலோ மூட்டை ஒன்று 50,000 லிட்டர் கழிவுநீரில் கலந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு ஏறும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது. கருவாடு போடும் இடங்களில் மீன் ஊறிய உப்புநீர், வீட்டுக்கு வீடு வந்துவிட்ட, குடிநீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ கருவிகள் வெளியே தள்ளும் உப்பு நீர் எல்லாம் இதோடு சேரும். என் வீட்டு ஆர்ஓ கழிவை வீணாக்க மனமின்றி வாழைக்கு ஊற்றி வந்தேன். இலை விளிம்பெல்லாம் கருகிய பிறகுதான் பாடம் நடத்திய எனக்குப் புத்தி வந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரியது கண்ணுக்குத் தெரியாத கசிவு. கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கிறது. அதுவும் பல இடங்களில் உவர்நீர். பாதாளச் சாக்கடைக் குழாயின் இணைப்புகள் இறுக்கமாக இல்லாவிட்டால் அந்த நீர் உள்ளே புகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பதால், நூறு லிட்டர் கழிவுநீரில் மூன்று லிட்டர் கடல்நீர் கசிந்தாலே லிட்டருக்கு ஒரு கிராம் கூடிவிடும். ஆகவே இங்கே குழாய் பதிப்பவரின் கைவேலை சுத்திகரிப்பு நிலையத்தின் இயந்திரங்களுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

இந்த நீர் வயலுக்குப் போனால் என்ன ஆகும்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முண்டு மிளகாய் உப்பைப் பெரிதாகத் தாங்காத பயிர். பருத்தி ஓரளவு தாங்கும். ஆனால் சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் களிமண் இறுகி, மழைநீர்கூட உள்ளே இறங்காத நிலமாகிவிடும். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டத்தில் அதை மீட்டெடுப்பது எளிதல்ல.

கடைசியில் ஆர்ஓ வைத்து உப்பைப் பிரித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் அப்படித்தான் ஆலைகளுக்கு நீர் தருகின்றன. சிறிய நகராட்சிகளுக்கு அந்த மின்கட்டணம் தாங்குமா என்பது ஒருபுறம் இருக்க, பிரித்தெடுத்த அடர் உப்புநீரை எங்கே விடுவது? ஒரு பக்கம் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள், மறுபக்கம் பாக் விரிகுடாவில் கடற்பசு மேயும் கடற்புல். உள்ளே வரும் உப்பு குறைந்தால் ஆர்ஓவின் மின்செலவும் குறையும், அது வெளியேற்றும் உப்பும் குறையும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரிட்டா என்ற பள்ளத்தாக்கு மக்கள், ஆற்றில் குளோரைடு ஏறுவதைத் தடுப்பதற்காக, உப்பிட்டுப் புதுப்பிக்கும் நீர்க் கருவிகளை வீடுகளிலிருந்து அகற்றும் விதிக்கு 2008-இல் வாக்களித்து இசைந்தார்கள். அங்கே வீடுகள், இங்கே விடுதிகளிலும் மீன் உலர்த்தும் இடங்களிலும் தொடங்கினால் போதும். இந்த இடங்களின் உப்புநீரைச் சாக்கடையில் விடாமல் தனித் தொட்டியில் சேர்த்து, அடிப்பகுதி கசியாத பாத்திகளில் காயவிடலாம். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே உப்பளம் நடத்தும் மாவட்டத்தில் வெயிலில் நீரைக் காயவைக்க யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனியாகத் திட்டம் போடாமல், குடிநீர் வடிகால் வாரியம், நகராட்சிகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வேளாண் துறை ஆகியவை ஒன்றாக அமர்ந்து, எந்த ஊர்க் கழிவுநீர் எந்தப் பயிருக்கு அல்லது எந்த ஆலைக்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் ஓராண்டாவது ஆள்நுழைவுக் குழிகளிலும் நீரேற்று நிலையங்களிலும் மாதந்தோறும், நீரில் உப்பு ஏற ஏற உயரும் மின்கடத்துத்திறனை அளக்க வேண்டும். கோடைக்கும் மழைக்காலத்துக்கும் வேறுபாடு தெரிந்தால், கசிவு எந்தத் தெருவில் என்பதும் பிடிபடும். கையில் பிடித்து அளக்கும் கருவிக்கு விலை சில ஆயிரம் ரூபாய்தான். புதிய சுத்திகரிப்பு நிலையம் எதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், அந்த அளவுகளை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.