பைலட் செட்டியாரின் மறைவு: பழைய நண்பருக்கு ஒரு கடிதம்

காரைக்குடி

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் செய்தியைச் சொன்ன அன்று உங்களுக்கும் பேச்சு எழவில்லை, எனக்கும் எழவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் விமானப்படை விங் கமாண்டர் சார் சென்ற வாரம் தம் பூர்வீக வீட்டிலேயே காலமானார். சில மாதங்களாகவே உடல் தளர்ந்திருந்தது. உறக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று அவர் மனைவி ஆச்சி சொன்னார்கள். முகப்பிலும் வளவிலும் கேதம் கேட்க வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். ஊராருக்கு அவர் பைலட் செட்டியார், பங்காளிகளுக்கு அண்ணன். அந்தக் கூட்டத்தில் அவரைச் சார் என்று சொல்லி அழுதவன் நான் ஒருவன்தான்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஊர் இளைஞர்கள் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் ஒன்று கட்டியிருக்கிறார்கள். சீருடையில் சார் நிற்க, அவருக்குப் பின்னால் ஒரு போர் ஜெட் விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதன் கீழே, வங்கப் போரின் மாவீரர் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அன்போடு செய்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் ஹெலிகாப்டரும் இல்லை, அவர் அருகில் ஒரு மாணவனும் இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவரைத் தெரிந்தவர்கள் நாம் இருக்கும்போதே அவருடைய வாழ்க்கை வேறொன்றாக மாறிவிடக் கூடாது.

போரில் அவர் இருந்தது உண்மை. 1971 டிசம்பரில் ஆஷுகஞ்ச் பாலம் தகர்க்கப்பட்டு, நம் படை மேகனா ஆற்றின் கிழக்குக் கரையில் நின்றபோது, 9ஆம் தேதி தொடங்கி எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள் இரவும் பகலுமாகப் படையினரை அக்கரை சேர்த்தன. அவற்றில் ஒன்றில் இளம் துணை விமானியாக இருந்தவர் சார். அதைப் பற்றி யார் கேட்டாலும், இரவெல்லாம் கண்விழித்து எஞ்சின்களைப் பழுது பார்த்த தரைப்பணியாளர்களைத்தான் முதலில் சொல்வார். போரில் கழிந்தவை சில நாட்கள். அதற்குப் பிறகு கற்றுக்கொடுப்பதில் கழிந்தவை பல ஆண்டுகள். எந்தப் பிரிவுக்கு மாற்றினாலும், சிறிது காலத்தில் பயிற்சிப் பணியையே மீண்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார் என்பது உங்களுக்கும் தெரியும்.

இந்த ஊரில் ஒரு பையனுக்கு விமான ஆசை வந்ததில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த ஓடுதளம் செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணை நிலத்தில் இன்னும் கிடக்கிறது. சிறுவயதில் அதன் மேல் சைக்கிள் ஓட்டிய கதையை அவர் நம் இருவரிடமும் சொல்லியிருக்கிறார். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்திய அழகப்பச் செட்டியாரின் காரைக்குடி என்பதால் விமானத் தொழிலும் இங்கே அந்நியமன்று. ஆனால் விமானம் வாங்கித் தொழில் செய்வது வேறு, ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து அதை ஓட்டுவது வேறு என்று அவருடைய அப்பச்சி நெடுநாள் பேசாமலே இருந்தாராம். விமானிக்கான விங்ஸ் சின்னம் வாங்கிய படத்தை ஆத்தாதான் முதலில் வளவில் மாட்டினார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தாம்பரத்தில் பயிற்றுநர் படிப்பை முடித்து அவர் ஹக்கீம்பேட்டை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளிக்கு வந்த பிறகுதான் நமக்கு அவரைத் தெரியும். நான் விமான உடலைப் பராமரிக்கும் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்ததால், பறப்பைக் கற்றவர்கள் பார்க்காத ஒன்றை வெளியில் நின்று பார்க்க எனக்கு வாய்த்தது. பயிற்சி ஹெலிகாப்டரான சேத்தக்கின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. தரையிலிருந்து சில அடி உயரத்தில் அது மிதந்து நிற்கும்போது, உள்ளே இருப்பவர்களின் கைகால் அசைவுகூட எதிரே நிற்பவனுக்குத் தெரியும். வலது இருக்கையில் மாணவன், இடது இருக்கையில் சார்.

ஹோவர், அதாவது ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது, எவ்வளவு கடினம் என்று வெளியார் அறியமாட்டார்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான கலெக்டிவைச் சற்று உயர்த்தினால் சுழலியின் எதிர்விசையில் சேத்தக்கின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். அதைச் சரிசெய்ய வலது பெடலை மிதித்தால் உடல் பக்கவாட்டில் நகரும். நகர்வை நிறுத்த, திசையைக் கட்டுப்படுத்தும் பிடியான சைக்ளிக்கை அசைத்தால் உயரம் குறையும். ஒன்றைத் திருத்தப் போய் மூன்றைக் கெடுக்கும் அந்த நாட்களில், புது மாணவனின் ஹெலிகாப்டர் கயிறு அறுந்த காளையாக மைதானம் முழுவதும் அலையும். மற்ற பயிற்றுநர்கள் சிலர் இரண்டு முறை அலைந்ததுமே பிடியை வாங்கிக்கொள்வார்கள். சாரின் வலக்கை மட்டும் அவருடைய சொந்த சைக்ளிக்கைச் சுற்றி வட்டமாக வளைந்து, அதைத் தொடாமல் நிற்கும். விரல்களுக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். வால் சுழலி தரையை நெருங்கும் அளவுக்கு ஆடினால்தான் அந்த விரல்கள் மூடும். மூடிய வேகத்திலேயே மறுபடி திறந்தும் விடும். மாணவனுக்குப் பல நேரங்களில் தன்னைக் காப்பாற்றியது யார் என்றே தெரியாது, தானே சமாளித்ததாக நினைத்துக்கொண்டு இறங்கி வருவான். அந்த நினைப்பைச் சார் கலைத்ததே இல்லை. வேறு எத்தனையோ பயிற்றுநர்களை நான் பார்த்திருக்கிறேன், பலர் அவரைவிடத் திறமையாகப் பறந்தவர்கள். ஆனால் ஒரு தவறை எவ்வளவு தூரம் போகவிடலாம் என்பதை அவ்வளவு துல்லியமாக அறிந்தவர் வேறொருவர் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

நம்மிடமும் அவர் அப்படித்தான். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700 கொண்டு போனால் நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடும் அதிகாரிகள் நடுவே, அவர் மட்டும் உட்கார்ந்து முந்தைய பக்கத்தையும் சேர்த்துப் படிப்பார். எழுதியவனை வரச் சொல்லி, எந்தப் போல்ட்டை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று மாணவன் காதில் விழும்படி கேட்பார். தன் உயிர் யாருடைய கையெழுத்தில் தொங்குகிறது என்று அந்தப் பையன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

எஞ்சின் நின்றபின் பாதுகாப்பாக இறங்கும் ஆட்டோரோட்டேஷன் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். ஜான் பூலே என்ற பிரெஞ்சு விமானி 1972 ஜூன் 21 அன்று லாமா ஹெலிகாப்டரை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் உலகச் சாதனை செய்ததையும், உச்சியில் எஞ்சின் அணைந்துவிட, அங்கிருந்து தரை வரை எஞ்சின் இல்லாமலே இறக்கைச் சுழற்சியை மட்டும் நம்பி இறங்கியதையும் ஒவ்வொரு புது அணிக்கும் சொல்லித்தான் அந்த வகுப்பைத் தொடங்குவார். நம் சீட்டா ஹெலிகாப்டர் அந்த லாமாவின் இந்திய வடிவம்தான் என்று கேட்டதும் பையன்களின் முகம் மாறும். எஞ்சின் நின்ற கணமே கலெக்டிவைக் கீழே இறக்க வேண்டும். உயரம் போகிறதே என்ற பயத்தில் அதை மேலே இழுத்தால், கீழிருந்து வரும் காற்றில் சுழல வேண்டிய இறக்கை வேகம் இழந்து நின்றுவிடும். மனம் சொல்வதற்கு நேர்மாறாகக் கை செய்ய வேண்டிய அந்த ஒரு விநாடிக்காகத்தான் அவர் வாரக்கணக்கில் பையன்களைப் பழக்கினார்.

பருந்து எஞ்சினுக்குள் அகப்பட்ட அந்தக் காலைப் பயிற்சியில் பின்னிருக்கையில் இருந்தவர் நீங்கள். விசை போனதும் மாணவன் கலெக்டிவை இறக்கினான், சார் இறுதி வரை பிடியை வாங்கவேயில்லை, சோளக் கொல்லை ஓரத்தில் தரிசில் இறங்கிய பிறகுதான் அவருடைய சட்டை முழுவதும் நனைந்திருந்ததைக் கண்டேன் என்று நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். அன்று மாலை மெஸ்ஸில் பாராட்டு முழுவதையும் மாணவனுக்கே தந்துவிட்டு அவர் ஒதுங்கிப் போனதை நான் பார்த்தேன்.

1987இல் நம் படை இலங்கைக்குப் போனபோது, அவரிடம் கற்றவர்கள் சிலர் அங்கே பறந்தார்கள். அக்டோபர் 11ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் குண்டுமழைக்கு நடுவே எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் இறங்கிய செய்தி வந்த பிறகு அவர் நாட்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நம் மக்கள் பட்ட துன்பத்தையும், அதே மண்ணில் தம் பிள்ளைகள் உயிரைப் பணயம் வைத்ததையும் சேர்த்துப் பேச அவரால் இயலவில்லை. ஊருக்குத் திரும்பிய பின் பலர் கேட்டும் அவர் அதைப் பேசியதில்லை.

2021 டிசம்பர் 8ஆம் தேதி குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி சென்ற எம்ஐ-17 விழுந்ததும், பதினான்கு பேரும் மறைந்ததும் அவரை மிகவும் வாட்டின. மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசையுணர்வு தவறியதே காரணம் என்று விசாரணை முடிவு வந்தபோது நான் அவர் வீட்டில் இருந்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மேகத்துக்குள் காது தரும் சமநிலை உணர்வை நம்பாதே, கருவி சொல்வதை நம்பு என்று தாம் ஒவ்வொரு அணிக்கும் சொன்னதை மீண்டும் சொன்னார். அதோடு, அதைச் சொல்வது எளிது, மலைப் பள்ளத்தாக்கில் சில நொடிகளில் அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது பறந்தவனுக்கே தெரியும், இறந்தவர்களைக் குறை சொல்லாதீர்கள் என்று அங்கிருந்த இளைஞர்களைக் கண்டித்தார்.

இனி நான் உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். ஆச்சி அவருடைய பறப்புப் பதிவேடுகளை என்னிடம் எடுத்துக் காட்டினார்கள். துணியில் சுற்றி, இரண்டாம் கட்டில் பெட்டகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பயிற்சிப் பறப்புகளுக்கு எதிரே மாணவர் பெயர்கள் மையில் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில், ஓய்வு பெற்ற பிறகு, பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். ஒரு பெயருக்கு எதிரே சியாச்சின் என்று இருக்கிறது. ஒரு ஜெரிகேன் மண்ணெண்ணெயை ஆறாயிரம் மீட்டர் உயரத்துக் காவல் நிலைக்குக் கொண்டுபோய், சுழலியை நிறுத்தாமலே இறக்கிவிட்டுத் திரும்பும் சீட்டா விமானி அவர். இன்னொன்றில், சுனாமியைக் குறித்து, கார் நிக்கோபார் 2004 என்று இருக்கிறது. வேறொரு பெயரிலிருந்து கோடு இழுத்து, இவருடைய மாணவன், கேதார்நாத் 2013 என்று, அந்த ஆண்டின் வெள்ளத்தைக் குறித்து, எழுதியிருக்கிறார். தாம் கற்றுக்கொடுத்தவன் வேறு யாருக்குக் கற்றுக்கொடுத்தான், அவன் யாரை மீட்டான் என்பது வரை கேட்டுத் தெரிந்து குறித்து வைத்திருக்கிறார். சில பெயர்களுக்கு எதிரே ஒரு தேதி மட்டும் இருக்கிறது. அவை எந்தத் தேதிகள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பேரன் இவற்றைப் படமெடுத்துப் பாதுகாக்க முன்வந்திருக்கிறான். பென்சில் எழுத்து மங்கி வருகிறது, பல சுருக்கக் குறிப்புகள் எனக்குப் புரியவில்லை. நீங்கள் அவரோடு அதிகம் பறந்தவர், உங்களுக்குப் புரியும். அந்தச் சோளக் கொல்லைச் சம்பவத்தையும் உங்கள் கையாலேயே எழுதிக் கொண்டுவாருங்கள், பதிவேட்டோடு சேர்த்து வைக்க ஆச்சி விரும்புகிறார்கள். பிளக்ஸ் கட்டிய இளைஞர்களிடமும் பேசினேன். வீட்டு முகப்பில் நிரந்தரமாக ஒரு படம் மாட்டப் போகிறார்களாம். சேத்தக்கின் முன் மாணவர்களோடு சார் நிற்கும் அணிப் படம் உங்களிடம் இருப்பதாக நினைவு. அதைத் தேடி எடுத்து வையுங்கள்.

பல்லவனில் வந்தால் இரவு காரைக்குடி நிலையத்துக்கு நானே வந்துவிடுவேன். நம் வீட்டில் தங்கிக்கொண்டு மறுநாள் காலை ஊருக்குப் போகலாம். ஆச்சி உங்களைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். வரும் தேதியை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தோழன்