காலிறுதிக்குப் போனவரும் கடனோடுதான் திரும்புகிறார்: விளையாட்டு நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறவாரியத் தலைவர் டத்தோ அவர்களுக்கும் விளையாட்டு நிதிக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தங்கள் குழுவின் புதிய சுற்றறிக்கை எங்கள் கைக்கு வந்தது. வெளிநாட்டு டென்னிஸ் போட்டிகளுக்கான உதவித்தொகை இனி முன்கூட்டியே கிடைக்காது, ஆட்டக்காரர் திரும்பி வந்து ரசீதுகளை ஒப்படைத்த பிறகே கிடைக்கும், அதுவும் ஒற்றையர் ஆட்டத்தில் காலிறுதியை எட்டியவருக்கு மட்டுமே என்கிறது அதன் இரண்டாம் பத்தி. நம் பிள்ளைகளுக்கு இதுவரை நீங்கள் செய்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்த நன்றியோடுதான் கேட்கிறோம்: இரண்டாம் பத்தியை நீக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பயணத்துக்கு முன்பே பணத்தைக் கொடுங்கள்.

நம் பிள்ளைகள் ஆடுவது தொழில்முறை டென்னிஸின் தொடக்கப் படியான எம்15 (ஆண்கள்), டபிள்யூ15 (பெண்கள்) போட்டிகள் என்பது உங்களுக்குத் தெரியும். மொத்தப் பரிசு 15,000 அமெரிக்க டாலர் என்றதும் கூட்டத்தில் சிலர் புருவம் உயர்த்துகிறார்கள். அது ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் பங்காகிப் போகும் தொகை. எம்15இல் வாரம் முழுக்கத் தோற்காமல் ஆடி ஒற்றையர் கோப்பையை வெல்பவருக்கு 2,160 டாலர். இறுதியாட்டத்தில் தோற்பவருக்கு 1,272, அரையிறுதியில் 752, காலிறுதியில் 438, இரண்டாம் சுற்றில் 258. பிரதான சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் 156 டாலர். நம் மலேசியக் காசுக்கு 700 வெள்ளிகூட வராது. தகுதிச் சுற்றில் தோற்றவருக்கு ஒரு காசும் இல்லை. சில நாடுகளில் இதிலும் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தருகிறார்கள்.

இனிச் செலவைப் பார்ப்போம். நமக்குப் பக்கத்தில் இருக்கும் தாய்லாந்தின் நொந்தபுரியையே எடுத்துக்கொள்வோம். விமான டிக்கெட்டை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நுழைவுக் கட்டணம் 40 டாலர். அறை வாடகை நாளுக்கு 40 என்று குறைத்தே போட்டாலும் ஏழு இரவுக்கு 280. மூன்று வேளைச் சாப்பாடும் தண்ணீரும் நாளுக்கு 15 என்றால் 105. வாரத்துக்குப் பத்து முறை ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் (மட்டை நரம்பு) போட, முறைக்கு 15 என்று வைத்தால் 150. கூட்டினால் 575 டாலர். பயிற்சியாளர் கூட வரவில்லை, மருத்துவச் செலவு இல்லை, துணி துவைத்த கணக்கும் இல்லை. காலிறுதியில் தோற்றவர் வாங்கும் 438ஐக் கழித்துப் பாருங்கள்: 137 டாலர் கைநட்டம். அரையிறுதி வரை போனவருக்கு 177 மிஞ்சும், அதை டிக்கெட் விழுங்கிவிடும். காலிறுதிக்குப் போனவருக்குத்தான் உதவி என்கிறீர்கள். அவரே கடனோடுதான் திரும்புகிறார் என்றால், அதற்கு முன்பே தோற்றவரின் நிலை என்ன?

ஸ்ட்ரிங்குக்கு ஏன் இவ்வளவு என்று உங்கள் கணக்காளர் முன்பு ஒரு முறை கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இந்த மட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்தான் போடுகிறார்கள். பந்துக்குச் சுழற்சி கிடைக்கும், சீக்கிரம் அறாது. ஆனால் போட்ட முதல் நாளிலிருந்தே அதன் இறுக்கம் தளரத் தொடங்கும். கோலாலம்பூரில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால், முதல் ஆட்டத்துக்குள் இறுக்கம் பல பவுண்டு இறங்கியிருக்கும். வழக்கமான அடியே கோட்டைத் தாண்டி விழும். தளர்ந்த பாலியெஸ்டரில் மீள்விசையும் செத்துப்போவதால், பந்தைத் தள்ள ஆட்டக்காரர் கூடுதலாகக் கையை வீசுவார். முழங்கை வலியும் தோள் வலியும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. அதனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாக ஸ்ட்ரிங் போட்ட இரண்டு ராக்கெட்டாவது பையில் இருக்க வேண்டும். 200 மீட்டர் ரீல் ஒன்று வாங்கினால், ராக்கெட்டுக்குச் சுமார் 12 மீட்டர் வீதம் 16 முறை போடலாம். கட்டுக்கோப்பாக இருப்பவர்கள் ரீலைச் சொந்தமாகக் கொண்டுபோய்க் கூலி மட்டும் கொடுக்கிறார்கள். மேலே சொன்ன 150 அந்தக் கூலிதான். இதில் மிச்சம் பிடித்தால் அது பிசியோதெரபி பில்லாக உங்களிடமே வந்து சேரும்.

பணம் ஏன் முன்பே வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் போட்டி அட்டவணை. போட்டி வாரத்தின் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்பு வரும் வியாழக்கிழமையோடு பெயர் கொடுக்கும் கெடு முடிகிறது. அதன் பிறகுதான் தரவரிசைப்படி பட்டியல் வெளிவரும். யார் பிரதான சுற்றில், யார் தகுதிச் சுற்றில், யார் காத்திருப்பில் என்பது அப்போதுதான் தெரியும். விலகுவதற்கான கெடு 13 நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை. ஆக, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஐந்து நாள். டிக்கெட் வாங்கப் பணம் இல்லாமல் அந்தச் செவ்வாய்க்குப் பிறகு விலகினால் தாமத விலகல் என்று பதிவாகும், அது தொடர்ந்தால் அபராதம் வரும். உங்கள் குழு மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறது. அந்த ஐந்து நாளில் எந்தப் பெற்றோர் எங்கே போய் நிற்பார்? பல வீடுகளில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமநிதியின் மூன்றாம் கணக்கு ஏற்கெனவே காலி. ரசீது கொடுத்த பிறகு பணம் வரும் என்றால், முதலில் போட யாரிடமாவது இருக்க வேண்டும் அல்லவா?

காலிறுதி நிபந்தனைக்கு மறுபடியும் வருகிறோம். பிரதான சுற்றில் 32 பேர். காலிறுதிக்குப் போவது எட்டுப் பேர். எஞ்சிய 24 பேரும், தகுதிச் சுற்றில் வெளியேறிய அத்தனை பேரும் உங்கள் பார்வையில் வீணாகப் போனவர்கள். ஆனால் ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் கணக்குப்படி, எம்15 பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்றாலே ஒரு தரவரிசைப் புள்ளி கிடைக்கிறது. கோப்பைக்கு 15, காலிறுதிக்கு 2. தொழில்முறைக்கு வந்த முதல் ஆண்டில் அந்த ஒரு புள்ளிக்காகத்தான் மொத்தப் பாடும். தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து வென்று பிரதான சுற்றுக்குள் நுழைந்து, அங்கே முதல் ஆட்டத்தில் மூன்று செட் போராடித் தோற்ற பிள்ளை அந்த வாரம் நன்றாக ஆடியிருக்கிறது. உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. கிடைத்த புள்ளியும் 52 வாரம்தான் நிற்கும். ஒரு பருவம் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் தரவரிசை இறங்கும், அடுத்த பட்டியலில் பெயர் இன்னும் கீழே போகும்.

இது நம் பிள்ளைகளின் சோம்பேறித்தனமும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. சர்வதேச டென்னிஸ் சம்மேளனமே (ஐடிஎஃப்) 2013ஆம் ஆண்டுச் செலவைக் கணக்கெடுத்தபோது, பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே ஓர் ஆண் ஆட்டக்காரருக்கு ஆண்டுக்கு 38,800 டாலர் ஆகிறது என்றும், வரவும் செலவும் சமமாவது ஏறத்தாழ 336ஆம் இடத்தில்தான் என்றும் சொன்னது. 2024இல் ஏடிபி கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் முதல் 250 பேரோடு நின்றுவிடுகிறது. அந்த 250ஐ நெருங்கினால்தான் கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றே எட்டும். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. அந்த வாசலுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடையில் இருப்பவை இந்த எம்15 வாரங்கள்தான். பெரும்பாலோருக்கு வேறு வழி கிடையாது.

2017இல் இதே கோலாலம்பூரில் மலேசிய ஓப்பனைத் தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வென்றார் ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி. பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏவின் போட்டிகளில் அவருடைய முதல் ஒற்றையர் பட்டம் அது. தகுதிச் சுற்றை மதிக்காத நிதிக் குழு இருந்திருந்தால், அந்த வாரத்துக்குப் புறப்படும்போது அவருக்குப் பணமே கிடைத்திருக்காது என்பதைக் குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறோம். தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டில் பதக்கம் வாங்கி வந்தால் மண்டபம் பிடிக்கிறோம், மாலை போடுகிறோம், ஆள் உயரக் காசோலையோடு படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறோம். அந்த விருந்தில் ஒரு மேசைக்கு ஆகும் பணம், ஒரு பிள்ளையின் ஒரு வார அறை வாடகை. பதக்கத்துக்குப் பிறகு கொடுக்க எல்லாரும் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில்தான் ஆள் இல்லை. எங்கள் கோபம் அதனால்தான். குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள்.

முன்பணம் வாங்கிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டால் என்ற உங்கள் கவலை எங்களுக்கும் புரிகிறது. யார் எந்த வாரம் எங்கே பெயர் கொடுத்தார், எங்கே ஆடினார், என்ன ஸ்கோர் என்பதெல்லாம் ஐடிஎஃப் இணையப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் ஆட்டக்காரர் பயணத் திட்டம் கொடுக்கட்டும். திரும்பி வந்து 14 நாளுக்குள் ரசீது கொடுக்கட்டும். செலவாகாத தொகையை அடுத்த காலாண்டில் கழித்துக்கொள்ளுங்கள். பொய்க் கணக்குக் கொடுத்தவருக்கு உதவியை நிறுத்துங்கள், நாங்கள் வாதாட வரமாட்டோம். முடிந்தவரை ஒரே ஊரில் அடுத்தடுத்து மூன்று வாரம் நடக்கும் போட்டிகளுக்கு அனுப்புங்கள். டிக்கெட் ஒன்றோடு முடியும், முதல் வாரம் செவ்வாய்க்கிழமையே தோற்றாலும் அடுத்த வாரத்துக்கு அங்கேயே பயிற்சி எடுக்கலாம். முன்னேற்றத்தை அளக்க விரும்பினால், தகுதிச் சுற்று வெற்றிகளையும் சேர்த்து ஆண்டு முடிவில் அளந்து பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மூன்று ஆட்டக்காரர்களின் முழு ஆண்டு வரவு செலவை ரசீதோடு கொண்டுவருகிறோம். இரண்டாம் பத்தியை நீக்கி, காலாண்டு முன்பணத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதுவரை அந்தப் பத்தியை நடைமுறைப்படுத்தாமல் நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
கிள்ளான் பள்ளத்தாக்கு டென்னிஸ் பயிற்சியாளர்களும் பெற்றோரும்
கோலாலம்பூர்