திருடர்கள் சிரிக்கக் கூடாது

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய திரைக்கதையை இரண்டு முறை படித்துவிட்டேன். நான்கு சில்லறைத் திருடர்கள், யாருடைய பணம் என்று தெரியாமலேயே மாஃபியா தலைவனின் பணத்தில் கை வைத்துவிடுகிறார்கள் என்ற கரு எனக்குப் பிடித்திருக்கிறது. பாதிக் கதை விறுவிறுவென்று போகிறது. திருட்டு நடக்கும் அந்த இரவுதான் படத்துக்கு உயிர். அங்கே வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

காரணம், உன் ஆட்கள் வெறும் முட்டாள்களாக இருக்கிறார்கள். பூட்டுத் திறப்பவன் படியில் வழுக்குகிறான், காவல் நிற்பவன் தூங்கிவிடுகிறான், டிரைவர் சாவியைத் தொலைக்கிறான். இது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும். இவனுக்கு ஏன் நடந்தது என்று கேட்டால் கதையில் பதில் இல்லை. முட்டாளைப் பார்த்து ஐந்து நிமிடம் சிரிக்கலாம். ஒன்றரை மணி நேரம் அவன் பின்னால் யாரும் வரமாட்டார்கள். திருடன் தன் தொழிலில் பாதி கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். அவனைக் கவிழ்ப்பது அவன் கவனிக்காமல் விட்ட மீதிப் பாதி.

மரியோ மோனிசெல்லியின் 1958 இத்தாலியப் படம் 'இ சோலித்தி இஞோத்தி'யை மறுபடி எடுத்துப் பார். அதற்கு மூன்று வருடம் முன்பு வந்த பிரெஞ்சுப் படம் 'ரிஃபிஃபி'யில் நகைக்கடைத் திருட்டு ஏறக்குறைய அரை மணி நேரம், வசனமும் இசையும் இல்லாமல் ஓடும். மோனிசெல்லி அந்த மாதிரித் திருட்டை ஏழைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். அடகுக்கடைப் பெட்டகத்தை அடையப் பக்கத்து வீட்டுச் சுவரை உடைக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவனுக்குக் கை மாவுக்கட்டில் இருக்கிறது. அவன் மனைவி சிறையில், கைக்குழந்தை அவன் பொறுப்பில். வயதான பெட்டகத் திருடன் ஒருவன் இவர்களுக்கு மொட்டைமாடியில் பாடம் நடத்துகிறான். அவனாக வேடம் போட்ட தோத்தோ முகத்தில் கேலியின் நிழல்கூடக் கிடையாது, ஒரு பேராசிரியர் போலவே பேசுகிறார். சுவரைச் சிரத்தையோடு உடைக்கிறார்கள். ஓட்டை விழுந்ததும் எட்டிப் பார்த்தால் அதே வீட்டின் சமையலறை! பிறகு அங்கே இருந்த பாஸ்தாவையும் கொண்டைக்கடலையையும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். ஆனால் பிள்ளையாரைப் பிடிக்க அவர்கள் பட்ட பாட்டை நாம் முழுக்கப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் அந்தச் சாப்பாட்டுக் காட்சியில் சிரிப்போடு ஒரு பரிவும் வருகிறது.

இங்கே ஒரு விதி உண்டு, அதை நீ தலைகீழாகப் பிடித்திருக்கிறாய். ஜெயிக்கப்போகும் திட்டத்தைப் பார்வையாளரிடம் மறைக்க வேண்டும். தோற்கப்போகும் திட்டத்தை ஒன்று விடாமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உன் கதையில் திட்டம் ரகசியமாகவே இருக்கிறது. அதனால் எது பிசகியது என்பதே பார்ப்பவனுக்குப் புரியாது. மூன்று நிமிட சீன் ஒன்று வை. விரல்விட்டு எண்ணக்கூடிய நாலைந்து படிகள் போதும்: எந்தக் கதவு, யார் முதலில், எத்தனை நிமிடம், எந்த வழியாக வெளியே. அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரே லாங் ஷாட்டில் காட்டிவிடு. இரவில் ஒருவன் இடதுபக்கம் திரும்பும்போதே 'ஐயோ, அது வலதுபக்கம்' என்று அரங்கமே தவிக்க வேண்டும்.

நம் 'சூது கவ்வும்' (2013) இதைச் சுருக்கமாகச் செய்தது. ஆள் கடத்தலுக்கென்று நாயகன் விதிமுறைகள் வைத்திருக்கிறான். அதிகாரத்தில் இருப்பவர்கள் பக்கம் போகக் கூடாது என்பது அதில் முக்கியமானது. அதைக் கேட்ட நமக்கு, அமைச்சர் மகனைக் கடத்தும் வேலை வரும்போது வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

அடுத்தது, பிசகுக்கான வித்து. இரண்டு முறை கண்ணில் பட்டிருக்க வேண்டும். முதல் தடவை வேறு ஏதோ வேலையாக, இரண்டாம் தடவை மறக்கும் அளவுக்கு லேசாக. மூன்றாம் தடவை அது வெடிக்கும். 1955-இல் வந்த 'தி லேடிகில்லர்ஸ்' இதற்குப் பாடப்புத்தகம். லண்டனில் ஒரு மூதாட்டி வீட்டு மாடியை ஒருவன் வாடகைக்கு எடுக்கிறான், அவனோடு நான்கு கூட்டாளிகள் சேர்கிறார்கள். இசைக்குழு என்று சொல்லிக்கொண்டு கிராமஃபோனில் இசையமைப்பாளர் பொக்கெரினியின் இசைத்தட்டைச் சுழலவிட்டுத் திட்டம் போடுகிறார்கள். வாத்தியப் பெட்டிகள் முதலில் வெறும் வேஷம், பிறகு கொள்ளைப் பணம் கொண்டுபோகும் பை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது கடைசி ஆளின் செல்லோ பெட்டி வாசற்கதவில் மாட்டிக்கொள்கிறது. அவன் பழைய குத்துச்சண்டைக்காரன், எதையும் பலத்தால் தீர்த்துப் பழகியவன். இழுக்கிறான், பெட்டி வாய் பிளக்கிறது, மூதாட்டியின் கண் முன்னால் நோட்டுகள் கொட்டுகின்றன. வேறு யார் கையில் அந்தப் பெட்டி இருந்திருந்தாலும் தப்பித்திருப்பார்கள். உன் பூட்டுத் திறப்பவனுக்கு இப்படி ஒரு குணத்தைக் கொடு. அவன் சுத்தக்காரன் என்று வைத்துக்கொள். திறந்த பூட்டைத் துடைத்துப் பழையபடி பூட்டிவிட்டுத்தான் நகர்வான். முதல் சீனில் தன் வீட்டுப் பெட்டியிலும், நடுவில் பயிற்சியிலும் அதையே செய்யட்டும். திருட்டு இரவில் கூட்டாளி உள்ளே இருக்கும்போதே பூட்டிவிடுவான். வழுக்கி விழுவதை எடுத்துவிடலாம்.

பணத்தின் எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கதையில் 10 லட்சம் டாலரை ஒருவன் தோள்பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். டாலர் நோட்டு ஒன்று சுமார் 1 கிராம். நூறு டாலர் நோட்டாக இருந்தால் 10,000 நோட்டு, 10 கிலோ, ஓடலாம். சில்லறை வியாபாரத்தில் சேர்ந்த மாஃபியா பணம் இருபது டாலர் நோட்டாகத்தான் இருக்கும். அப்போது 50,000 நோட்டு, 50 கிலோ. இதிலேயே உனக்கு ஒரு முழு சீன் இருக்கிறது. நால்வரும் நூறு டாலர் நோட்டை மனதில் வைத்து இரண்டு பையோடு வந்திருக்கிறார்கள். எதை விடுவது, எதை எடுப்பது, ஜன்னல் திரையை அவிழ்த்து மூட்டை கட்டலாமா? தங்கம் என்றால் இன்னும் மோசம், வங்கிகளில் இருக்கும் பெரிய கட்டி ஒன்றே 12 கிலோவுக்கு மேல். படப்பிடிப்பில் பைக்குள் உண்மையாகவே எடை வைக்கச் சொல். காலிப் பையைத் தூக்கி நடிப்பவனின் தோள் சரியாது, அது கண்ணுக்கு உடனே தெரியும்.

உன் மாஃபியா தலைவனையும் கோமாளி ஆக்கிவிட்டாய். அங்கே மட்டும் உன்னோடு சண்டை போடுவேன். அவன் நிஜமாகவே பயமுறுத்த வேண்டும். அவனைப் பார்த்து நாம் சிரிக்க ஆரம்பித்தால் இந்த நால்வரின் உயிருக்கு ஆபத்தே இல்லை, ஆபத்து இல்லாத இடத்தில் சொதப்பலுக்கு மதிப்பு ஏது? அமெரிக்க மாஃபியாவின் அடுக்கைப் பயன்படுத்து. மேலே தலைவன், துணைத்தலைவன், அடுத்து காப்போக்கள் எனப்படும் குழுத் தலைவர்கள், அவர்களுக்குக் கீழே சிப்பாய்கள், எல்லோருக்கும் கீழே குடும்பத்தில் சேர்க்கப்படாத வெளி ஆட்கள். கீழே இருப்பவன் சம்பாதிப்பதில் மேலே பங்கு போக வேண்டும், கேட்காமல் பெரிய வேலையில் இறங்கக் கூடாது. உன் நால்வரில் ஒருவன் அந்த வெளி ஆட்களில் ஒருவனாக இருக்கட்டும். திருடிய பணத்திலிருந்து முறைப்படி பங்கை எடுத்துக்கொண்டு, பணத்தின் சொந்தக்காரனிடமே மரியாதையோடு கொடுக்கப் போகிறான். அவன் கடமை தவறாதவன் என்பதே அவனுக்கு வினையாகிறது. தலைவன் கத்தவே வேண்டாம், நோட்டுக் கட்டின் மேலிருக்கும் தன் சீட்டைப் பார்த்தால் போதும்.

எடுக்கும் முறையில் ஒன்றிரண்டு. சொதப்பல் நடக்கும் கணத்தில் கட் வேண்டாம். ஆளும் பொருளும் ஒரே ஃபிரேமில், தலை முதல் கால் வரை தெரியட்டும். முகத்தின் குளோஸ்அப்பைப் பிறகு போடலாம். 'டொய்ங்' என்று பின்னணி இசை தட்டாதே. பூட்டு விழும் சத்தமும் அதற்குப் பின் இரண்டு விநாடி நிசப்தமும் போதும். நடிகர்கள் யாரும் தாங்கள் நகைச்சுவைப் படத்தில் இருப்பதாக நினைக்கக் கூடாது. சுற்றி இருப்பவர்களும் அப்படித்தான். 1969-இல் வந்த வூடி ஆலன் படத்தில் கொள்ளைக்காரன் நீட்டும் மிரட்டல் சீட்டில் துப்பாக்கி என்ற சொல்லைக் கையெழுத்துக் குழப்பத்தால் வங்கி ஊழியர்கள் தப்பாக வாசிக்கிறார்கள். அது என்ன எழுத்து என்று அவனோடு விவாதிக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை நிஜமானது, காட்சியே அதில்தான் நிற்கிறது.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை தணிக்கை நெறி, குற்றவாளி கொள்ளையோடு தப்பக் கூடாது என்று கட்டாயப்படுத்தியது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் பணம் கைவிட்டுப் போவதற்கு அவர்களுடைய குணத்திலிருந்தே காரணம் வர வேண்டும். 'லேடிகில்லர்ஸ்' முடிவில் ஐவரும் செத்துப்போக, பணம் மூதாட்டியிடம் மிஞ்சுகிறது. அவள் உண்மையைச் சொல்லியும் காவல் நிலையத்தில் நம்பவில்லை, நீயே வைத்துக்கொள் என்கிறார்கள். முதல் சீனிலிருந்தே அவளை அவர்கள் நம்பாததால் அந்த முடிவு சரியாகப் பொருந்துகிறது. உன் கதையில் கடைசியில் திடீரென்று வரும் போலீஸ் ஜீப்பை எடுத்துவிடு. பூட்டிப் பழகியவனிடம் கடைசிச் சாவியைக் கொடுத்துப் பார்.

அடுத்த வடிவத்தில் முதலில் திட்டம் போடும் சீனையும் திருட்டு இரவையும் மட்டும் எழுதி அனுப்பு. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்