டுபினா ஆலயத்தின் ஓவியங்களை மீட்டவர்களுக்கு நன்றி

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபேயெட் கவுண்டியில், தனக்கென நகராட்சி இல்லாத சின்னஞ்சிறு ஊர் டுபினா. மொராவியாவிலிருந்து (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி) வந்த செக் குடும்பங்கள் 1856-இல் அமைத்தது. அங்குள்ள புனித சிரில், மெத்தோடியஸ் ஆலயத்தின் நீலக் கூரையையும் பொன் விண்மீன்களையும் நமக்கு விட்டுவைத்த அனைவருக்கும், பழைய சுவரோவியங்களை நேசிக்கும் எங்கள் நன்றி.

முதலில் டாம் லீக்கு. கோபுரத்தின் இரும்புச் சிலுவையை உருவாக்கியவர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட அவர்தான். 1909 புயலில் பழைய ஆலயம் விழுந்தபின், 1912-இல் புதியதை எழுப்பிய ஊராருக்கும் நன்றி.

பெரிய நன்றி, 1983-இல் சீரமைத்தவர்களுக்கு. 1952-இல் ஓவியங்களின் மேல் வெள்ளை பூசப்பட்டுவிட்டது. இதை மீட்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது இதில் கைவைத்தவர்களுக்குத் தெரியும். விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், வெள்ளைக்கு அடியில் பழைய வண்ணத்தின் விளிம்பு லேசாகப் புடைத்துத் தெரியும். அங்கே உள்ளங்கை அளவு மட்டும் சுரண்டிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் வெள்ளையோடு ஓவியமும் உரிந்து வந்துவிடும். கிடைத்த வடிவத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய அட்டையில் வெட்டினால், வண்ணம் பதிக்கும் அச்சான ஸ்டென்சில் தயார்.

வண்ணம் கெட்டியாக இருக்க வேண்டும். தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலைக்குத் துடைத்துவிட்டு, இழுக்காமல் நேராகக் குத்த வேண்டும். நீர்த்திருந்தால் அட்டைக்கு அடியில் கசிந்து விளிம்பு கலங்கிவிடும். சில பதிவுகளுக்கு ஒருமுறை அட்டையின் பின்புறத்தைத் துடைக்காவிட்டாலும் இதே கதிதான். சுவரின் நடுவிலிருந்து இரு பக்கமும் அளந்து போவதே சரி. ஓரத்தில் தொடங்கினால் மறுகோடியில் பாதிப் பூவோடு நிற்க நேரும். மிச்சமாகும் அங்குலங்களை எல்லா இடைவெளிகளிலும் பகிர்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. துண்டுகள் கழன்று விழாதிருக்கக் கம்பிகளைப் போன்ற சிறு பாலங்களை விட்டு வெட்டிய அட்டை என்பதால், பதித்தபின் அந்த வெற்றிடங்களைக் கையால் நிரப்ப வேண்டும். இதையெல்லாம் கூரையில், தலைக்கு மேலே செய்வது இன்னும் கடினம்.

மரக்கட்டடம் என்பதால் வேலை ஓய்வதில்லை. ஈரத்தில் பலகை உப்பும், வெயிலில் சுருங்கும். இணைப்புகளில் இறுகிப்போகும் மக்கை (இடைவெளி அடைக்கும் பசை) அடைத்தால் அதன்மேல் உள்ள வண்ணமே முதலில் வெடிக்கும். இலை அடைத்த மழைநீர்த் தாரை (கூரை ஓர வடிகால்) ஒன்று போதும், தண்ணீர் பலகைக்குப் பின்னால் இறங்கிவிடும். அதனால், ஏணியில் ஏறித் தாரைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கும், கூரை ஓட்டையை மழைக்கு முன் அடைப்பவர்களுக்கும், வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்துவைப்பவர்களுக்கும் ஓவியருக்குச் சொல்லும் அதே நன்றி. பார்க்கப் போகிறவர்கள் சுவரில் கைவைக்காமலும் ஃபிளாஷ் இல்லாமலும் பார்த்துவிட்டு, பராமரிப்பு உண்டியலில் இயன்றதைப் போட்டுவிட்டு வாருங்கள்.