டாக்டராகப் போகும் உன் மகளுக்காக

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. மகள் ஹவுஸ் சர்ஜன் ஆகிவிட்டாள் என்று படித்ததும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம். முழங்கால் வலிதான் என்னை விடுவதாக இல்லை; அதனால் இப்போது மாலையில் மட்டும் கிளினிக் திறக்கிறேன். சின்னவனுக்கு நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். பத்திரிகை தனியாக வரும்.

டாக்டருக்கு வேண்டிய குணம் என்று நம் பெரியவர்கள் எதைச் சொன்னார்கள் என்று கேட்டிருந்தாய். இரக்கம், பொறுமை, சுத்தம் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இத்தனை வருடம் நோயாளிகளைப் பார்த்த பிறகு எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. தெரியாத இடத்தில் கை வைக்கக் கூடாது. செய்யத் தகாததை யார் சொன்னாலும் செய்யக் கூடாது. வைத்தியம் தெரியாமல் வைத்தியம் பார்த்தவனே அதற்குப் பொறுப்பு என்று அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ், நபிமொழி, இருக்கிறதே, அதை மகளுக்குச் சொல்.

931-ல் பாக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஓர் உயிர் போயிற்று. இனி அரண்மனை வைத்தியர் சினான் இப்னு தாபித் சோதித்து அனுமதி தராமல் யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று கலீஃபா முக்ததிர் உத்தரவு போட்டார். 860-க்கும் மேற்பட்டவர்கள் சினான் முன்னால் போய் நின்றார்கள். அதில் ஒரு பெரியவர், நல்ல உடை, கம்பீரமான தோற்றம். சினான் எழுந்து மரியாதை செய்து பக்கத்தில் உட்கார வைத்தார். கூட்டம் கலைந்த பிறகு, யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். பெரியவர் சட்டைக் கையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே தங்க தீனார்கள். "எனக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது. குடும்பம் இருக்கிறது, பிழைப்பு இதுதான். அதைக் கெடுத்துவிடாதீர்கள்" என்றார். சினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: தெரியாததை நோயாளி மேல் செய்து பார்க்கக் கூடாது, லேசான நோய் தவிர வேறு எதற்கும் ரத்தம் எடுப்பதோ பேதி மருந்து கொடுப்பதோ கூடாது. "என் வழியே அதுதான். சிக்கஞ்சபீனையும் ஜுலாபையும் நான் தாண்டினதே இல்லை" என்றார் பெரியவர். காடித் தேன்பாகும் பன்னீர் சர்பத்தும்தான்! மறுநாள் ஒரு இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய் என்றால், அப்பாவிடம் என்றான். அப்பா யார் என்றால், நேற்று வந்த பெரியவர். சரி, நீயும் அதைத் தாண்டாதே என்று அனுப்பிவிட்டார் சினான்.

வைத்தியரும் மொழிபெயர்ப்பாளருமான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கதை உனக்குத் தெரிந்திருக்கும். எதிரி ஒருவனைக் கொல்ல விஷம் தயாரித்துக் கொடு என்று கலீஃபா முத்தவக்கில் கேட்டார். நல்ல மருந்து மட்டும்தான் நான் படித்தேன் என்று ஹுனைன் மறுத்துவிட்டார். ஒரு வருடம் சிறை. அங்கேயும் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. திரும்பக் கூட்டி வந்து ஒரு பக்கம் பொருளும் இன்னொரு பக்கம் வாளும் வைத்துக் கேட்டபோதும் அதே பதில்தான். சோதித்துத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, எது உன்னைத் தடுத்தது என்று கலீஃபா கேட்டார். என் மார்க்கமும் என் தொழிலும் என்றார் ஹுனைன். எதிரிக்கும் நல்லது செய் என்கிறது மார்க்கம், யாருக்கும் கேடு செய்யாதே என்கிறது தொழில். அவர் கிறிஸ்தவர். இந்த மருத்துவ ஒழுக்கம் பல மதத்தவரும் சேர்ந்து பாக்தாதில் வளர்த்தது என்பதில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அப்புறம் பழைய பாரசீக வைத்தியர் ராஸி. மாணவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பெற்றவர்களிடமும் பிள்ளைகளிடமும் மறைப்பதைக்கூட நோயாளி வைத்தியரிடம் சொல்லிவிடுகிறான், அதைக் காப்பாற்று என்கிறார். நம்பி ஒப்படைத்த அமானிதம்தானே அது? இன்று ரவுண்ட்ஸில் பத்துப் பேர் சூழ நிற்க, பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பெண்ணின் நோயைச் சத்தமாகப் பேசுகிறார்கள். எனக்கு மனசு வலிக்கிறது. மகள் குரலைத் தாழ்த்திப் பேசட்டும். திரையை இழுத்து விட்டுவிட்டுப் பரிசோதிக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவரை சினான் விட்டது சரியா? சரி என்றுதான் எனக்குப் படுகிறது. தன் எல்லை தெரிந்தவரால் வந்த ஆபத்தைவிட, பெரிய படிப்புப் படித்து எல்லை தெரியாதவர்களால் வந்த ஆபத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். மகளிடமும் கேட்டு எழுது. நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்னாடியே எல்லாரும் வந்துவிடுங்கள், உட்கார்ந்து பேசலாம்.

துஆவுடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழன்