முற்றமில்லாத முன்பள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருகிற ஜனவரியில் தரம் 1 இல் சேரவிருக்கும் என் பேரனின் முன்பள்ளிக் கொப்பிகளைச் சென்ற வாரம் புரட்டிப் பார்த்தேன். உயிரெழுத்துகளும் மெய்யெழுத்துகளும் வரிசை பிசகாமல் இருந்தன. ஆங்கில எழுத்துகள் எழுத்துக்கு ஒரு பக்கமாக நிரம்பியிருந்தன. ஐம்பது வரை எண்களும் இருந்தன. பிறகு அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். மூன்று எண்ணி முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் இதில் எனக்கு வியப்பில்லை. அரிச்சுவடியை அறிந்திருந்தும் பென்சிலைப் பிடித்த சிறிது நேரத்திலேயே கை வலிக்கிறது என்று அழும் பிள்ளைகள் ஆண்டுதோறும் என் வகுப்புக்கு வந்தார்கள். தோள் உறுதிப்பட்டு, முழங்கையும் மணிக்கட்டும் உறுதிப்பட்ட பின்னரே விரல்கள் நுண்ணிய வேலைக்குத் தயாராகின்றன. கம்பியில் தொங்குவதும், மரத்தில் ஏறுவதும், மண்ணைக் குழைப்பதும், சிரட்டையில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதும், ஈரத் துணியைப் பிழிவதுமாகிய இவையெல்லாம் எழுத்துக்கு முந்திய எழுத்துப் பயிற்சிகள். எங்கள் முன்பள்ளிகள் பலவற்றில் இந்தப் படிகளைத் தாண்டி நேரே கொப்பிக்குப் போய்விடுகிறார்கள்.

அரசாங்கப் பாடத்திட்டம் இப்படிக் கேட்கவில்லை என்பதைப் பெற்றோர் பலர் அறியார். 1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் கற்றலை வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றாக வகுத்து, தரம் 1, 2 ஆகியவற்றில் விளையாட்டுக்கே முதன்மை கொடுத்தது. ஆறு வயதுப் பிள்ளை விளையாட்டினூடாகக் கற்க வேண்டும் என்று நாடு தீர்மானித்திருக்க, நான்கு வயதுப் பிள்ளை மேசையில் குனிந்திருக்கிறது. பாடசாலைக்கு ஆயத்தப்படுத்துகிறோம் என்று சொல்லிப் பாடசாலையே கேளாத ஒன்றைச் செய்து முடிக்கிறார்கள்.

எங்கள் வீதிகளில் பெயர்ப்பலகைக்குப் பெயர்ப்பலகை ‘மொண்டிசோரி’ என்று இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1944 இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி, அதன் வடிவத்தைக் கை உணர்ந்த பிறகு எழுதப் பழக்குவது அவருடைய முறை. அது எங்களுக்கு அந்நியமானதும் அன்று. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில்தானே ‘அ’ எழுதுவிக்கிறோம்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலே முதற்கொப்பியாக இருந்தது. அடுத்த நாளே அரிசியை வாரிக் கட்டிவிட்டுப் பென்சிலைத் திணிப்பது எந்த மரபு என்று எனக்கு விளங்கவில்லை. (ஆண்டு முடிவில் நாலு வயதுப் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிவித்து நடத்தப்படும் ‘பட்டமளிப்பு விழா’வைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இதற்கு முன்பள்ளி ஆசிரியைகளைக் குற்றஞ்சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் முன்பள்ளி என்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் கீழ்த்தளம் அல்லது வாகனத் தரிப்பிடம். முற்றம் இருந்த இடத்தில் தொடர்மாடி எழுந்துவிட்டது. வெள்ளவத்தையில் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் மணலை மிதிப்பதற்கு மரைன் டிரைவையும் அதன் அப்பாலுள்ள ரயில் பாதையையும் கடக்க வேண்டும். இருபது பிள்ளைகளை இரண்டு ஆசிரியைகள் அங்கே அழைத்துச் செல்லலாம் என்று பொறுப்புள்ள எவரும் சொல்ல மாட்டார்கள். இன்னொரு பக்கத்தில், “இன்றைக்கு என்ன எழுதினாய்?” என்று வாசலிலேயே கொப்பியைத் திறந்து பார்க்கும் பெற்றோர் இருக்கிறோம். புளியங்கொட்டைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து எண்ணியதும், கிளித்தட்டில் தன் முறைக்குக் காத்திருந்ததும் எந்தக் கொப்பியிலும் பதிவாவதில்லை. மாதக் கட்டணத்துக்குச் சான்று காட்ட வேண்டிய ஆசிரியை எழுத வைக்காமல் என்ன செய்வார்?

வெளியே விட்டால் டெங்கு வரும் என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. அச்சம் நியாயமானது. ஆனால் டெங்கு நுளம்பு பகலில் வீட்டுக்குள்ளும் கடிப்பது. பூச்சாடியிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் தேங்கும் நீரில் பெருகுவது. கதவைச் சாத்திப் பிள்ளையை உள்ளே வைத்திருப்பதால் அதிலிருந்து தப்ப முடியாது. சூழலைத் துப்புரவாக வைப்பதும் கைகால்களை மூடும் உடை அணிவிப்பதுமே வழி. வெயிலுக்கு அஞ்சுவோர் ஒன்பது மணியளவில் நிழலில் விடலாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாவது உடல் அசைவில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வழிகாட்டியிருக்கிறது. தொடர்மாடியில் வாழும் பிள்ளைக்கு அதில் ஒரு மணித்தியாலத்தையேனும் முன்பள்ளி கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பது? கண்ணைப் பற்றியும் ஒரு சொல். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்பு மாணவரை நாள்தோறும் மேலதிகமாக 40 நிமிடங்கள் வெளியே விட்டு மூன்றாண்டுகள் கவனித்தபோது கிட்டப்பார்வை ஏற்பட்டோர் 30 சதவீதமளவிலும், வழமைபோல் இருந்த மாணவரிடையே 40 சதவீதமளவிலும் காணப்பட்டனர். அந்த ஆய்வு 2015 இல் வெளியானது. மூக்குக்கண்ணாடியுடன் தரம் 1 க்கு வரும் பிள்ளைகளைக் கண்ட எனக்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தோன்றவில்லை.

புதிய காணி வாங்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. வார நாட்களில் காலை எட்டரை மணி முதல் பதினொரு மணி வரை மாநகர சபையின் சிறுவர் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. கோயில்களின் வெளிவீதிகளும் தேவாலய வளவுகளும் அப்படியே. எந்தத் திடல் எந்த நாளில் எந்த முன்பள்ளிக்கு என்று ஒரு நேர அட்டவணையை மாநகர சபை வகுத்து, வீதியைக் கடக்கும் இடத்தில் அரை மணித்தியாலம் ஒருவரை நிறுத்தினால் போதுமானது. முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைக்கு உரியது. ஆகவே ஒரு முன்பள்ளியைப் பதிவுசெய்யும்போது அதன் பிள்ளைகள் எங்கே, எவ்வளவு நேரம் வெளியில் விளையாடுகிறார்கள் என்ற கேள்வியை மேல் மாகாண அதிகாரிகள் கட்டாயம் கேட்க வேண்டும்.

எங்கள் தெருவிலுள்ள கோயிலின் வெளிவீதியில் இரண்டு வேப்பமரங்களின் நிழல் உண்டு. காலைப் பூசை முடிந்த பின் மதியம் வரை அங்கே யாரும் வருவதில்லை. அயலிலுள்ள மூன்று முன்பள்ளிகளுக்கு அதைத் திறந்துவிடும்படி நிர்வாக சபைக்குக் கடிதம் கொடுத்து ஆறு வாரங்கள் ஆகின்றன. அவர்களில் சிலர் உங்கள் பத்திரிகையின் வாசகர்கள். மறுமொழியை இங்கேயே தந்தாலும் மகிழ்வேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.